ஏரிக்கரையில் ஒரு கோடை: வாலண்டியரா, சம்பளமா, வாடகையா?

போன வாரம் டாலஸிலிருந்து ஒரு தம்பதி கூப்பிட்டார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்குப் போயாயிற்று. வீட்டை விற்றுவிட்டு முப்பத்திரண்டு அடி ஃபிஃப்த் வீலில் (டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீட்டு வண்டி) குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. “அக்கா, ஏரிக்கரை கேம்ப்கிரவுண்ட்ல வாலண்டியரா போய் இருந்தா கோடை முழுக்க இடம் ஃப்ரீயாமே, போகலாமா?” என்று அந்தப் பெண் கேட்டார். இந்த வருஷம் இதே கேள்வியோடு வந்த நான்காவது ஜோடி இவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் போனில் சொல்வதை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

எங்களைப் பற்றி இரண்டு வரி. நியூ ஜெர்சி வீட்டை விற்று ஆர்.வி.யே (இந்த மாதிரிச் சக்கர வீடு) வீடு என்று ஆகி ஆறு வருஷம். எனக்கு 63, இவருக்கு 66. ஆறு கோடைகளில் ஒன்றைத் தனியார் கேம்ப்கிரவுண்டில் சம்பளத்துக்குக் கழித்தோம், இரண்டை வடக்கு மினசோட்டாவில் ஓர் ஏரிக்கரையில் வாலண்டியராக, மீதி மூன்றைக் காசு கொடுத்து. (தொண்டர் என்று எழுதினால் கட்சிக்கொடியும் வெள்ளை வேட்டியும் கண்முன் வருகின்றன. அதனால் வாலண்டியர் என்றே வைத்துக்கொள்கிறேன்.)

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், ஒரு மணி நேர உழைப்புக்கு அந்த இடம் எத்தனை டாலர் பெறுகிறது என்பது. இதை யாரும் கணக்குப் போடுவதில்லை. இரவுக்கு 26 டாலர் வாங்கும் சைட் (வண்டியை நிறுத்தித் தங்கும் இடம்) என்று வைத்துக்கொள்வோம், மாதம் 780. கணவன், மனைவி இருவரும் வாரத்துக்கு ஆளுக்கு 20 மணி நேரம் வேலை செய்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 173 மணி நேரம். வகுத்தால் மணிக்கு நாலரை டாலர். 2009 முதல் மாறாமல் நிற்கும் மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியே 7.25 டாலர். உங்களில் ஒருவர் 62 வயதைத் தாண்டியவராக இருந்தால் கணக்கு இன்னும் இளைக்கும். சீனியர் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு மத்திய அரசின் பல கேம்ப்கிரவுண்டுகளில் பாதிக் கட்டணம்தான். 26 என்பது 13 ஆகிறது, உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை இரண்டே கால் டாலருக்கு இறங்குகிறது. அந்த பாஸ் ஆயுளுக்கும் சேர்த்து 80 டாலர். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் போதும்.

இரண்டாவது, சனிக்கிழமை யாருடையது? கேம்ப்கிரவுண்ட் நிரம்பி வழிவது வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு மதியம் வரை. ஹோஸ்ட் (அங்கேயே தங்கி வந்தவர்களைக் கவனிக்கும் வாலண்டியர்) தேவைப்படுவதும் அப்போதுதான். எங்களுக்கு மணிக்கணக்கைவிட இதுதான் பெரிதாக உறுத்தியது. ஜூலையில் மினியாபொலிஸிலிருந்து நண்பர் குடும்பம் குழந்தைகளோடு வந்து இரண்டு நாள் பக்கத்து சைட்டில் தங்கியது. அவர்கள் கயாக்கில் போவதை நாங்கள் கோல்ஃப் வண்டியில் குப்பைப் பையோடு நின்று பார்த்துக் கையசைத்தோம்.

மூன்றாவது, மின்சாரமும் கழிவுநீரும். 30 ஆம்ப் என்றால் மொத்தம் 3,600 வாட். ஏசி 1,500, இண்டக்‌ஷன் அடுப்பு 1,800, வெந்நீர் ஹீட்டர் 1,400 என்று மூன்றும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். சாம்பார் கொதிக்கிற நேரத்தில் ஏசியை அணைக்க வேண்டும், ஆகஸ்டில் அது லேசான விஷயம் இல்லை. 50 ஆம்ப் இணைப்பில் 12,000 வாட் வரை கிடைக்கும், அந்தக் கவலையே வராது. கழிவுநீர்க் குழாய் சைட்டிலேயே இருக்கிறதா என்பதும் முக்கியம். இல்லையென்றால் வாரத்துக்கு ஒருமுறை வீட்டையே கழற்றி, கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போக வேண்டும், அல்லது சக்கரம் வைத்த தொட்டியில் பிடித்து உருட்ட வேண்டும்.

மற்ற மூன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நடுவில் விட்டுப் போக முடியுமா, அடிபட்டால் யார் பொறுப்பு, உங்கள் குடியேற்றக் காகிதம் அந்த வேலைக்கு இடம் கொடுக்கிறதா. இனி ஒவ்வொரு வழியாக வருகிறேன்.

## வாலண்டியராக இருப்பது

ஏரிக்கரை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை நடத்தும் கேம்ப்கிரவுண்டுகள். ஆர்.வி.காரர்கள் பேச்சில் வெறும் ‘கோர்’. ராணுவத்துக்கும் கூடாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்டிருக்கிறேன். அணை கட்டியது அவர்கள், அணைக்குப் பின்னால் ஏரி உண்டானது, 1944-இன் வெள்ளத் தடுப்புச் சட்டம் அந்தக் கரைகளில் பூங்கா அமைக்க அவர்களுக்கு அதிகாரம் கொடுத்தது. இன்று 43 மாநிலங்களில் 400-க்கும் மேற்பட்ட ஏரிகள் அவர்கள் பொறுப்பில் இருக்கின்றன. மினசோட்டாவில் மிசிசிப்பி பிறக்கும் பக்கத்தில் லீச், வின்னிபிகோஷிஷ், கல் (Gull) போன்ற ஏரிகளில் ஆறு அணைகள் உண்டு. 1880-களில் தொடங்கி 1912-க்குள் கட்டி முடித்தவை. கீழே படகு ஓடத் தண்ணீர் தேக்கி வைத்த அணைகளின் கரையில் இப்போது மார்ஷ்மெல்லோ வாட்டுகிறார்கள். இவை தவிர வனத்துறை, தேசியப் பூங்காக்கள், மாநிலப் பூங்காக்களும் ஹோஸ்ட் எடுக்கின்றன. மத்திய அரசின் இடங்கள் பலவும் வாலண்டியர்.கவ் தளத்தில் வரும்.

வேலை என்ன? வந்தவர்களை வரவேற்பது, வரைபடம் கொடுப்பது, கழிவறையில் காகிதம் வைப்பது, இரவு 10 மணிக்கு மேல் பாட்டுச் சத்தம் கேட்டால் நயமாகச் சொல்வது. சொல்வதோடு சரி, அபராதம் போடும் அதிகாரம் பூங்கா அதிகாரியான ரேஞ்சருக்குத்தான், வாலண்டியர் சண்டைக்கு நிற்கக் கூடாது. வெளியூர் விறகு கொண்டு வருபவர்களிடம் ஏன் கூடாது என்று விளக்குவதும் உண்டு. ஆஷ் மரங்களைத் துளைக்கும் பச்சை வண்டு 2002-இல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது, அது ஊர் ஊராகப் பரவ இந்த விறகுக் கட்டும் ஒரு வாகனம். படகுத்துறையில் நிறுத்தினால், தண்ணீரை விட்டு ஏறும் படகின் அடிமூடியைத் திறந்து வடித்தார்களா என்று பார்க்க வேண்டும். ஏரிகளைக் கெடுக்கும் வரிக்குதிரைச் சிப்பி அடுத்த ஏரிக்குப் போகாமல் இருக்கத்தான்.

இதையெல்லாம் விட அதிக நேரம் தின்பது அடுப்புக்குழி. ஒவ்வொரு சைட்டிலும் தரையில் ஓர் இரும்பு வளையம் பதித்திருப்பார்கள், அதில்தான் தீ மூட்ட வேண்டும். ஞாயிறு மதியம் ஆள் கிளம்பியதும் நான் மண்வெட்டியும் மூடி போட்ட தகர வாளியுமாகப் போவேன். மேலே சாம்பல் வெள்ளையாக ஆறிக் கிடக்கும், கிளறினால் அடியில் கங்கு கண் விழிக்கும். தண்ணீர் ஊற்றி, கலக்கி, மறுபடி ஊற்றி, புறங்கையை மேலே நீட்டிச் சூடு பார்த்த பிறகுதான் அள்ள வேண்டும். உள்ளே என்னவெல்லாம் இருக்கும் என்கிறீர்கள்? உருகி உருண்டையான அலுமினியத் தாள், பியர் மூடிகள், பாதி எரிந்த சோளக்கட்டை. ஒருமுறை குழந்தையின் செருப்பு ஒன்று மட்டும் கிடைத்தது. ஒரு குழிக்குப் பத்து நிமிஷம், நாற்பது குழி. அன்று இரவு குளித்த பிறகும் முடியில் புகை வாசம் போகாது.

அப்புறம் ஏன் இரண்டாவது கோடையும் போனீர்கள் என்றால், செவ்வாய்க்கிழமைக்காகத்தான். திங்கள் மதியத்திலிருந்து வியாழன் வரை அந்த ஏரி ஏறக்குறைய எங்களுடையது. விடியற்காலை லூன் பறவை கூப்பிடுவது முதலில் கேட்டபோது யாரோ அழுகிறார்கள் என்று நினைத்து இவரை எழுப்பிவிட்டேன். வருஷா வருஷம் வரும் முதியவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது, ஏதோ வெடிக்கப் போகிறது என்று ஓடி வந்த பக்கத்து சைட்காரர் அன்றே பருப்புசாதம் சாப்பிட்டார். ஆர்.வி. வாழ்க்கையில் பழகிய முகம் என்பது கிடைக்காத பொருள். ஹோஸ்ட் பலகை அதை வாங்கித் தரும்.

மறைந்திருக்கும் செலவுகளையும் சொல்ல வேண்டும். ஹோஸ்ட் சைட் அநேகமாக நுழைவாயில் பக்கம்தான் இருக்கும், ஏரி தெரியாது. ஓய்வு நாளிலும் இரவு பதினொன்றுக்குக் கதவைத் தட்டி விறகு கேட்பார்கள். ஓய்வு நாளில் பலகையைத் திருப்பி வைக்க நாங்கள் கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆனது. டெக்சஸின் தென்கோடியில் குளிர்காலம் கழித்துவிட்டு வடக்கு மினசோட்டா போனால் ஒரு வழிக்கு ஏறத்தாழ 1,500 மைல். இழுவையோடு எங்கள் டிரக் கேலனுக்குப் பத்து மைல்தான் கொடுக்கும். போக வர 300 கேலன் டீசல், கேலன் 3.50 என்றாலே 1,050 டாலர். கறிவேப்பிலைக்கு மூன்றரை மணி நேரம் மினியாபொலிஸ் போக வேண்டும் (நாங்கள் தொட்டியில் ஒரு செடி வளர்த்து ஊர் ஊராகத் தூக்கித் திரிகிறோம்).

வரவுப் பக்கத்தில் இரண்டு உண்டு. மத்திய அரசு இடங்களில் 250 மணி நேரம் சேர்ந்தால் தேசியப் பூங்காக்களுக்கான வருடாந்திர பாஸ் இலவசம். மே கடைசியில் மெமோரியல் டே முதல் செப்டம்பர் லேபர் டே வரை வாரம் 20 மணி நேரம் இருந்தாலே சேர்ந்துவிடும். சீனியர் பாஸ் இல்லாதவர்களுக்கு அது 80 டாலர் லாபம். இன்னொன்று, கையெழுத்திட்ட வாலண்டியர் ஒப்பந்தம் இருந்தால், வேலை நேரத்தில் அடிபடும்போது அரசு ஊழியருக்கான மருத்துவ இழப்பீடு உங்களுக்கும் பொருந்தும். 65 வயதாகி மெடிகேர் வரும்வரை காப்பீட்டுக்குத் திண்டாடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் வேலை நேரத்துக்கு மட்டும்தான். ஓய்வு நாளில் கயாக்கிலிருந்து விழுந்தால் உங்கள் பாடு.

பென்ஷனோ வாடகை வருமானமோ இருந்து, ஒரே இடத்தில் மூன்று மாதம் உட்கார ஆசைப்பட்டு, அந்நியர்களோடு பேசப் பிடித்தவர்களாக இருந்தால் இந்த வழி சரி. தம்பதியில் ஒருவருக்கு மட்டும் பிடித்திருந்தால் வேண்டாம். நாற்பது குழியையும் ஒரே ஆள் அள்ள முடியாது.

## சம்பளத்துக்கு இருப்பது

இதற்கு வொர்க்கேம்பிங் என்று பெயர். தனியார் கேம்ப்கிரவுண்டுகள், அவற்றோடு வனத்துறை இடங்களைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் கம்பெனிகளும் ஆள் எடுக்கும். பலகையில் வனத்துறை என்று இருந்தாலும் சம்பளம் தருவது கம்பெனி. லாபத்துக்கு நடக்கும் நிறுவனம் வாலண்டியர் என்ற பெயரில் சும்மா வேலை வாங்க மத்திய கூலிச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அப்படிக் கேட்டால் அங்கேயே எச்சரிக்கையாகிவிடுங்கள். அதே சட்டத்தில் இன்னொரு ஓட்டையும் உண்டு. வருஷத்தில் ஏழு மாதத்துக்கு மேல் திறக்காத, தனியார் நிலத்தில் இருக்கும் பொழுதுபோக்கு இடங்களுக்கு மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியிலிருந்தும் ஓவர்டைமிலிருந்தும் விலக்கு கிடைக்கலாம். மாநிலச் சட்டம் என்ன சொல்கிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

எங்கள் சம்பளக் கோடை ஒரு வார்த்தையில் கெட்டது. போனில் “வாரம் 24 மணி நேரம்” என்றார்கள். நாங்கள் இருவருக்கும் சேர்த்து என்று எடுத்துக்கொண்டோம். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, ஆளுக்கு 24. அதிலும் முதல் 12 மணி நேரம் இடத்துக்கு ஈடு, அதற்கு மேல்தான் சம்பளம். கரண்டுக்குத் தனி மீட்டர். சீசன் முடியும்வரை இருந்தால்தான் போனஸ் என்பது கடைசித் தாளில் இருந்தது. யாரும் ஏமாற்றவில்லை, எல்லாம் எழுத்தில் இருந்தது. நாங்கள்தான் 1,200 மைல் ஓட்டிப் போன பிறகு படித்தோம்.

வரியும் இருக்கிறது. தெற்கு டகோட்டாவிலோ டெக்சஸிலோ முகவரி வைத்து மாநில வருமான வரி இல்லாமல் இருக்கிறோம் என்று நினைக்காதீர்கள். வேலை செய்த மாநிலத்தில் வருமான வரி உண்டு என்றால் அங்கே சம்பாதித்ததற்கு அங்கேயும் கணக்குக் கொடுக்க வேண்டி வரும். இலவச இடத்தின் மதிப்பும் வருமானமாகலாம். நீங்கள் அங்கேயே தங்குவது வேலையின் கட்டாய நிபந்தனையா, கூலிக்குப் பதிலாகக் கொடுத்ததா என்பதைப் பொறுத்தது அது. வரிக்காரரிடம் அந்த ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்.

ஆனாலும் பணம் தேவை என்றால் இதுதான் வழி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கையில் காசு குறைகிறது என்று தெரிந்தும் வாலண்டியராகப் போனவர்கள் ஜூலையிலேயே முகம் சுண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். செய்கிற எல்லா மணி நேரத்துக்கும் சம்பளம், இடத்துக்குத் தனியாகச் சிறு வாடகை என்று சொல்லும் இடங்களைத் தேடுங்கள். கணக்குத் தெளிவாக இருக்கும்.

## வாசல் ஒப்பந்தம்

இது பலருக்குத் தெரியாத நடுவழி. கோர் ஏரிகளில் நுழைவாயில் அறையில் உட்கார்ந்து வண்டிகளைப் பதிவு செய்யும் ஜோடிகள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்கள். கோடைக்கு இவ்வளவு வேண்டும் என்று டெண்டர் போட்டுத்தான் வருவார்கள். பணமும் உண்டு, முழு ஹுக்கப் (தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு) உள்ள இடமும் உண்டு. ஆனால் நீங்கள் ஊழியர் இல்லை, சின்ன காண்ட்ராக்டர். 15.3 சதவீத சுயதொழில் வரியை மனதில் வைத்துத்தான் தொகை போட வேண்டும். ஒப்பந்தக்காரர்களுக்கான அரசின் சாம் தளத்தில் (SAM.gov) பதிய வேண்டும். அது இலவசம், பதிந்து தருகிறோம் என்று காசு கேட்டு வரும் போன்களைக் கட் செய்துவிடுங்கள். அடுப்புக்குழி அள்ளும் வேலை இதில் பெரும்பாலும் வராது. ஆனால் வாசலைப் பூட்டிவிட்டு ஏரிக்குப் போக முடியாது. குறைவாகப் போடுபவருக்கே கிடைக்கும் என்ற நினைப்பில் முதல் வருஷம் அடிமாட்டு விலை போட்டவர்களை எனக்குத் தெரியும்.

## காசு கொடுத்துத் தங்குவது

கோர் இடங்களில் ஒரே ஏரியில் 30 நாளில் 14 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. அதனால் சீனியர் பாஸ் ஜோடிக்கு வசதியான வழி, இரண்டு வாரம் ஓர் ஏரி, அடுத்த இரண்டு வாரம் இன்னொன்று என்று மாறுவது. இரவுக்கு 13 டாலர், சனிக்கிழமையும் உங்களுடையது. தொல்லை முன்பதிவில்தான். ரிக்ரியேஷன்.கவ் தளத்தில் ஆறு மாதம் முன்பே திறக்கும், ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின வாரத்து ஏரி முகப்பு சைட்டுகள் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கட்டி, வண்டிக்கு வெளியே நீட்டி வைத்த படுக்கையறையை உள்ளே இழுத்து, தொட்டி காலி செய்து கிளம்புவது முதுகுக்கும் பொறுமைக்கும் வைக்கும் பரீட்சை.

நகரவே வேண்டாம் என்றால் தனியார் இடத்தில் மாத வாடகை. போன கோடையில் நாங்கள் மாதம் 900 டாலரும் மின்கட்டணமும் கொடுத்தோம். மூன்று மாதத்துக்கு 2,700. அதற்குக் கிடைத்தது என்ன? பேரன் பிறந்த செய்தி வந்ததும் மறுநாள் காலை கிளம்பிப் போனோம், யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. உடம்பு சரியில்லாத பெற்றோர் ஊரில் இருப்பவர்களும், நடுவில் இந்தியா போக வேண்டி வரலாம் என்று இருப்பவர்களும் இதைத்தான் எடுக்க வேண்டும். சீசன் நடுவில் ஹோஸ்ட் போய்விட்டால் ரேஞ்சர் திண்டாடுவார், அடுத்த வருஷம் உங்கள் பெயருக்கு நேரே ஒரு குறிப்பு இருக்கும்.

## காகிதம்

குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் பின்னணி சோதனை ஒன்றுதான், பிரச்சினை இல்லை. விசிட்டர் விசாவில் ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை “சும்மா கூட உதவி செய்யட்டுமே” என்று ஷிஃப்டில் சேர்க்காதீர்கள். இடம் என்பது உழைப்புக்கு ஈடாகக் கிடைப்பது, அதை வேலை என்று எடுத்துக்கொண்டால் சிக்கல் அவர்களுடைய அடுத்த விசாவுக்கு. வேலை அனுமதி இல்லாத விசாக்காரர்களும் வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

## போனில் கேட்க வேண்டியவை

டாலஸ் தம்பதிக்கு வயது 58, 61. சீனியர் பாஸ் இன்னும் இல்லை, அவசரப் பணத் தேவையும் இல்லை. முழுக் கோடையைத் தூக்கிக் கொடுக்காமல், ஒரு மாதத்துக்கு ஹோஸ்ட் எடுக்கும் மாநிலப் பூங்கா ஒன்றை லேபர் டேக்கு அப்புறம் முயன்று பாருங்கள் என்றேன். கூட்டம் வடிந்திருக்கும், கொசுவும் குறைந்திருக்கும். பிடித்தால் அடுத்த கோடைக்கு ஜனவரியிலேயே விண்ணப்பம் போடலாம். நல்ல ஏரிகள் பனிக்காலத்திலேயே ஆளைப் பிடித்துவிடுகின்றன.

பேசும்போது இவற்றைக் கேளுங்கள். மணி நேரம் ஆளுக்கா, ஜோடிக்கா? தொடர்ந்து எத்தனை நாள் ஓய்வு? 30 ஆம்பா, 50 ஆம்பா, கழிவுநீர்க் குழாய் உண்டா? வேலைக்கு வண்டி அவர்களுடையதா, நம்முடையதா? போன வருஷ ஹோஸ்ட் திரும்ப வருகிறாரா, இல்லையென்றால் ஏன்? சாட்டிலைட் இணையம் வைத்திருப்பவர்கள் வடக்கு வானம் திறந்திருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். நான் கேட்டபோது அந்த ரேஞ்சர் அம்மா “ஒரு நிமிஷம்” என்று சொல்லி போனோடு வெளியே நடந்து போனார். செருப்பு சரளையில் சரசரப்பது கேட்டது. வடக்கே பெரிய பைன் மரம் ஒன்று நிற்கிறது, உச்சியில் வெண்தலைக் கழுகு கூடு கட்டியிருக்கிறது, அதைத் தொட முடியாது என்றார். வெளியே போய்ப் பார்த்துச் சொன்னாரே என்பதற்காகவே அன்றைக்கே சரி சொல்லிவிட்டோம். இரண்டு கோடையும் நெட் விட்டு விட்டுத்தான் வந்தது.